மனசாட்சி யாருக்கு?

கருணாபுரத்தின் சாவுகளும் கல்வராயன் மலையின் வாழ்வும் அரசிடம் கேட்கும் கேள்விகள்

2024 ஜூன் 20. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தின் குறுகலான தெருக்களில் எங்கு பார்த்தாலும் சாமியானா. ஒரு வாசலில் உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். நாலு வீடு தள்ளி இன்னொரு வாசலில் இன்னோர் உடல். எந்த ஒப்பாரி எந்த வீட்டுக்கானது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. துக்கம் கேட்க வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முதலில் எந்த வீட்டுக்குள் நுழைவது என்று தெரியாமல் நின்றார்கள். அன்றைக்கு கோமுகி ஆற்றங்கரை மயானத்தில் விறகை வரிசையாக அடுக்கினார்கள். 20-க்கும் மேற்பட்ட உடல்கள் ஒரே நாளில் எரிந்தன.

எல்லாம் இரண்டே நாளில் நடந்து முடிந்தது. ஜூன் 18 அன்று வேலை முடிந்து வந்தவர்கள் வழக்கமான இடத்தில் வழக்கமான பாக்கெட் சாராயத்தை வாங்கிக் குடித்தார்கள். விடிந்ததும் வயிற்று வலி, வாந்தி. சிலருக்குப் பார்வை மங்கியது. முதல் சாவு விழுந்த வீடுகளுக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்தார்கள். சாவுக்குக் காரணம் அதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கருணாபுரத்தோடு நிற்கவில்லை. மாதவச்சேரி, சேஷசமுத்திரம் என்று பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என நான்கு இடங்களில் 200-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டார்கள். 65-க்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. பெண்களும் இறந்தார்கள். பெரும்பாலோர் பட்டியல் சாதியைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். அப்பாவையும் அம்மாவையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள்.

அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டு டீக்கடைகளில் ஒரு கேள்வி சுற்றி வந்தது. "தெரிஞ்சேதானே குடிச்சாங்க? அவங்களுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" அரசு அறிவித்த ரூ.10 லட்சம் நிவாரணத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். குடிப்பது தனிமனித விருப்பம் என்றால் அதன் பலனையும் அந்தத் தனிமனிதன்தானே ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மனசாட்சிக் கேள்வி இதுவரை ஒரே ஓர் ஆளிடம்தான் கேட்கப்பட்டிருக்கிறது: குடித்தவரிடம். விற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர், சாவின் காரணத்தை மறுத்துப் பேசியவர், மதுவின் வருமானத்தை வரவு செலவுக் கணக்கில் எழுதுபவர் ஆகியோரிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான் கருணாபுரத்தில் நடந்தது விளங்கும்.

கூப்பிடு தூரத்தில் காவல் நிலையம்

கருணாபுரம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். அங்கே சாராயம் விற்பது தெருக்காரர்களுக்குத் தெரியும், குழந்தைகளுக்கும் தெரியும். பல வருடமாக விற்கிறார்கள், புகார் கொடுத்தும் பலனில்லை என்று அந்தத் தெருப் பெண்கள் தொலைக்காட்சி கேமராக்களைப் பார்த்து அழுதபடி சொன்னார்கள். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு காவல்துறை அறியாமல் இருந்திருக்க முடியுமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழுந்தது.

அதைவிடக் கனமான கேள்வி ஜூன் 19 பற்றியது. அன்று முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகத்தின் உயர்மட்டத்திலிருந்து வந்த விளக்கத்தில் கள்ளச்சாராயம் இல்லை. வலிப்பு, வயிற்றுக்கோளாறு என்று நோய்க் காரணங்களே சொல்லப்பட்டன. சில மணி நேரத்தில் அந்த விளக்கம் பொய்த்துப்போனது. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளரும் வேறு பல காவல் அதிகாரிகளும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் சாராயத்திலிருந்த மெத்தனால் என்ற விஷம் உடம்பில் இறங்கியிருக்கும்போது சில மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை. அந்த மறுப்பை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் உண்டு என்று எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமி குற்றம்சாட்டினார். அரசியல் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தக் குற்றச்சாட்டின் சாரம் நிற்கிறது. "குடித்தவர்கள் உடனே வாருங்கள், யார் மீதும் வழக்கு வராது" என்று அன்று காலையிலேயே ஓர் ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகப் போயிருக்க வேண்டும்.

அதிகாரியின் மனசாட்சிக்கு ஓர் உதாரணம் நூறு வருடத்துக்கு முன்பே இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. தொழிற்சாலைக்கான ஆல்கஹாலைத் திருடிக் குடிக்கிறார்கள் என்பதற்காக அதில் மெத்தனாலின் அளவைக் கூட்டச் சொல்லி 1926-ல் அந்நாட்டு அரசே உத்தரவிட்டது. நியூயார்க் நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ். பிணவறைக்கு வரும் உடல்களை அறுத்துப் பார்த்தவர். அரசுச் சம்பளம் வாங்கும் அவர்தான் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, மக்கள் விஷம் குடித்துச் சாகிறார்கள், அது விஷம் என்று தெரிந்தே அரசு கலக்கிறது, சாகிறவர்கள் ஏழைகள் என்று வெளிப்படையாகச் சொன்னார். மதுவிலக்குக் காலத்தில் அரசுப் பதவியில் இருந்துகொண்டே ஒருவர் அதைச் சொல்ல முடிந்தது. கள்ளக்குறிச்சியில் ஜூன் 19 காலையில் அப்படி ஒரு குரல் தேவைப்பட்டது.

▪ பெட்டிச் செய்தி: மெத்தனால் என்ன செய்கிறது?

சாராயத்தில் போதை தருவது எத்தனால். மெத்தனால் பெயின்ட், வார்னிஷ், ரசாயனத் தொழிற்சாலைகளுக்கான கரைப்பான். நிறத்தாலும் வாசனையாலும் இரண்டையும் பிரித்தறிவது சாதாரண ஆளால் முடியாது.

கல்லீரல் மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கொல்வது இந்த அமிலம்தான். ரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. கண் நரம்பு பாதிக்கப்படுகிறது. பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை திரும்புவதே இல்லை.

அறிகுறிகள் உடனே தெரிவதில்லை. அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் வந்துவிட்டால் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து, சோடியம் பைகார்பனேட், டயாலிசிஸ் ஆகியவற்றால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும்.

140 ரூபாயும் 60 ரூபாயும்

'விருப்பம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கருணாபுரத்துக்குள் கொண்டுபோய்ப் பார்க்கலாம். 2024 பிப்ரவரி விலையேற்றத்துக்குப் பிறகு அரசின் டாஸ்மாக் மதுக்கடையில் சாதாரண ரக குவாட்டர் ஒன்று ரூ.140 ஆக இருந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பிடுங்குவது தமிழகம் முழுக்கத் தெரிந்த கதை. கருணாபுரத்துப் பாக்கெட் ஐம்பது, அறுபது ரூபாய். மூட்டை தூக்கி, பெயின்ட் அடித்து, சாக்கடை அள்ளி உடம்பு நொந்து வருகிற ஒருவர் எதை வாங்குவார் என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 2024 ஜூன் கடைசியில் மதுவிலக்குச் சட்டத் திருத்த விவாதத்தில் மூத்த அமைச்சர் துரைமுருகனே இதைச் சட்டமன்றத்தில் தொட்டார். உழைத்துக் களைத்தவர்களுக்கு டாஸ்மாக் சரக்கின் போதை போதவில்லை, அதனால் கள்ளச்சாராயத்தைத் தேடிப் போகிறார்கள் என்ற பொருளில் பேசினார். பேச்சு சர்ச்சையானது. ஆனால் அரசு விற்கும் பொருளின் விலையும் தரமும் ஏழையை எங்கே தள்ளுகின்றன என்பதற்கு அமைச்சரவையிலிருந்தே வந்த வாக்குமூலம் அது.

தனிமனித சுதந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-ல் வெளிவந்த 'சுதந்திரம் குறித்து' நூலில் அவர் மதுவிலக்கை எதிர்த்தார். ஒருவன் தனக்கு மட்டும் கேடு செய்துகொள்வதைத் தடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்றார். அதே நூலில் விஷம் விற்பது பற்றியும் எழுதியிருக்கிறார். விஷப் பொருளின் மேல் 'இது விஷம்' என்று எழுதச் சொல்வது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. வாங்குகிறவன் அதைத் தெரிந்துகொள்ளவே விரும்புவான் என்பது அவர் முடிவு. ஆக, சுதந்திரத்தின் பக்கம் உறுதியாக நின்றவருமே அரசுக்கு ஒரு வேலையை விட்டுவைத்திருக்கிறார். கருணாபுரத்தில் செத்தவர்கள் போதையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மெத்தனாலை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

"தெரிஞ்சேதானே குடிச்சாங்க" என்ற கேள்விக்கு இதுதான் பதில். அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரிந்திருக்க வேண்டியவர்கள் சீருடையில் இருந்தார்கள்.

ராஜாஜியின் சேலம், பெரியாரின் தென்னந்தோப்பு

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் இன்றைய சேலம் மாவட்டத்தில் இறங்குகிறது. இந்தியாவின் மதுவிலக்கு வரலாற்றில் சேலத்துக்குத் தனி இடம் உண்டு. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று தன் சொந்த மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள் வருமானம் போனதால் ஏற்பட்ட ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவை விட்டொழித்ததற்கு ஈடாகப் பிறந்த வரி அது. இன்று ஜி.எஸ்.டி.க்குள் வராமல் மாநிலத்தின் கையிலேயே தங்கியிருக்கும் சில பொருட்களில் மது ஒன்று. அந்த விற்பனை வரியின் வாரிசான வாட் வரி இப்போது மதுவின் மேலேயே கொட்டிக் குவிகிறது. 85 வருடத்தில் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது.

இதே ராஜாஜிதான் 80 வயதில், 1959-ல், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அரசு மனிதனின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கர்ஜித்தார். தொழில் செய்யும் சுதந்திரத்துக்காக இப்படி வாதாடியவர் குடிக்கும் சுதந்திரத்தை ஏற்கவில்லை. 1971-ல் மதுவிலக்கை ஒத்திவைக்க முதல்வர் கருணாநிதி முடிவெடுத்தபோது, 92 வயதில் மழையில் கோபாலபுரம் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏழைக் குடும்பத்தின் அடுப்பு எரியாததற்கு முன்னால் தனிமனித விருப்பம் என்ற வாதம் நிற்காது என்பது அவர் மனசாட்சி அவருக்குச் சொன்னது.

பெரியார் வேறு வழியில் போனார். காங்கிரஸில் இருந்த காலத்தில் கள்ளுக்கு எதிராகச் சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தனக்கிருந்த தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்தவர் அவர். பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். தன் மனமறிந்து தன் மரங்களை வெட்டுவது ஒன்று, அடுத்தவன் குடிப்பதைப் போலீஸை வைத்துத் தடுப்பது வேறொன்று என்ற நிலைக்கு வந்துசேர்ந்தார். ஒரே மண்ணின் இரண்டு பெரியவர்கள். நேர்மையில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் இருவருமே கற்பனை செய்து பார்த்திராத மூன்றாவது வழியைத்தான் தமிழ்நாடு கடைசியில் எடுத்தது. அரசே கடை வைத்தது.

▪ பெட்டிச் செய்தி: திறந்ததும் மூடியதும்

1937: சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு
1948: சென்னை மாகாணம் முழுவதும்
1971: கருணாநிதி ஆட்சியில் ஒத்திவைப்பு, 1974-ல் மீண்டும் அமல்
1981: எம்.ஜி.ஆர். ஆட்சியில் தளர்வு, 1983-ல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் தொடக்கம்
1987: கள், சாராயத்துக்குத் தடை
2003: ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு
2016: படிப்படியான மதுவிலக்கு என்ற அறிவிப்புடன் 500 கடைகள் மூடல், 2017-ல் மேலும் 500
2023: ஜூனில் 500 கடைகள் மூடல், மீதம் 4,829
வருமானம்: 2003-04-ல் சுமார் ரூ.3,640 கோடி, 2023-24-ல் ரூ.45,855 கோடி

பாடினால் தேசத்துரோகம்

2023-24 வருமானத்தை நாட்கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ரூ.125 கோடி. இவ்வளவு பெரிய வியாபாரியாக அரசு மாறும்போது அதை எதிர்க்கும் குரல்களை அது எப்படிக் கேட்கும்?

2015 தமிழ்நாட்டுக்கு அதைக் காட்டிக்கொடுத்த வருடம். ஜூலை 31 அன்று சேலத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள், கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் பள்ளிக்கும் கோவிலுக்கும் அருகிலிருந்த டாஸ்மாக்கை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். அக்டோபர் 30 அன்று மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன் திருச்சி வீட்டில் நள்ளிரவில் கைது செய்யப்பட்டார். டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காக அவர் மேல் பாய்ந்தது தேசத்துரோகப் பிரிவு.

இதற்கு ஒரு பழைய முன்கதை இருக்கிறது. 1951-ல் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்த பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், மதுவைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் மதுவைப் பாராட்டிப் பேசுவதையே குற்றமாக்கிய பகுதியைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீக்கியது. மதுவை ஆதரித்துப் பேசும் உரிமையைக் குடியரசின் முதல் வருடங்களிலேயே காப்பாற்றிக் கொடுத்த நாட்டில், 64 வருடம் கழித்து மதுவை எதிர்த்துப் பாடியவர் சிறைக்குப் போனார். தனிமனித சுதந்திரம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் குடிக்கும் உரிமைக்கு முன்னால் யோசிக்க வேண்டிய உரிமை இது. கடையை மூடு என்று சொல்லும் உரிமை.

அந்த உரிமையை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் பெண்கள். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னதும், மூடிய கடைகள் ஊருக்குள் நுழையப் பார்த்தன. 2017 கோடை முழுக்கத் தமிழகக் கிராமங்களில் பெண்கள் கடை முன்னால் உட்கார்ந்தார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சி மாநிலத்தையே கொதிக்க வைத்தது.

கருணாபுரத்துக்குப் பிறகு அந்தக் குரல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே எழுந்தது. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மது ஒழிப்பு மகளிர் மாநாட்டை நடத்தியது. ஆளும் கூட்டணியில் இருந்துகொண்டே நடத்திய மாநாடு, தி.மு.க. பிரதிநிதிகளும் மேடையில் இருந்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. அதை நாடு முழுவதற்கும் நிறைவேற்றுங்கள் என்பது மாநாட்டின் மையக் கோரிக்கை.

மூடிவிட்டால் தீருமா?

பீகார் 2016 ஏப்ரலில் மதுக்கடைகளை மூடியது. அந்த வருடம் கொண்டுவந்த சட்டத்தில் வீட்டில் பாட்டில் கிடைத்தால் வயது வந்த குடும்பத்தார் அனைவரையும் குற்றவாளியாகக் கருதும் பிரிவுகூட இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2018-ல் அது தளர்த்தப்பட்டது. ஜாமீன் மனுக்களால் நீதிமன்றங்கள் திணறுவதை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த என்.வி.ரமணா வெளிப்படையாகவே குறை சொன்னார். இவ்வளவுக்கும் பிறகு 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்தில் செத்தார்கள். குடிப்பவன் சாகத்தான் செய்வான் என்று முதல்வர் நிதிஷ்குமார் சட்டமன்றத்திலேயே பேசி, இழப்பீட்டை மறுத்தார். நான்கு மாதம் கழித்து மனம் மாறி ரூ.4 லட்சம் அறிவித்தார். நீண்டகால மதுவிலக்கு மாநிலமான குஜராத்தில் 2022 ஜூலையில் போட்டாத் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சொந்த வீட்டுக்குள் குடிப்பது அந்தரங்க உரிமை இல்லையா என்று கேட்கும் மனுக்களை, விசாரிக்கத் தகுந்தவை என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2021-ல் ஏற்றது.

கடை திறந்திருக்கும் தமிழ்நாட்டிலும் சாவு. 2023 மே மாதம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு சித்தாமூர் பக்கத்திலும் மெத்தனால் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 13 மாதத்தில் அதே விஷம் கருணாபுரத்துக்கு வந்தது. மூடிய மாநிலத்துக்கும் திறந்த மாநிலத்துக்கும் பொதுவாக இருப்பது மெத்தனால் கேன் கைமாறும் வழியும், அதைக் கண்டுகொள்ளாத அதிகாரமும்தான். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் இந்த இரண்டும் தப்பித்துவிடுகின்றன.

2024 ஜூன் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவருக்கு ஆயுள் வரை கடுங்காவல், ரூ.10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். கடுமை தேவைதான். ஆனால் கடுமையான சட்டம் இதற்கு முன்பும் இருந்தது. விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்க வழி செய்யும் குண்டர் தடுப்புச் சட்டம் 1982 முதல் இருக்கிறது. அதன் நீண்ட பெயரிலேயே கள்ளச்சாராயக்காரர்கள்தான் முதலில் வருகிறார்கள். தனிமனித சுதந்திரத்தை இவ்வளவு தூரம் சுருக்கும் ஆயுதத்தை வைத்திருந்த காவல்துறை, கூப்பிடு தூரத்து வியாபாரத்தை நிறுத்தவில்லை. அதிகாரம் போதாமல் நடந்த சாவுகள் இல்லை இவை.

மலைமேல் விழுந்த பழி

கருணாபுரத்துச் சிதைகள் அணைவதற்குள் போலீஸ் வண்டிகள் கச்சிராயபாளையம் வழியாக கல்வராயன் மலைக்கு ஏறின. ஓடைக்கரைகளில் ஊறல் பேரல்கள் கொட்டிக் கவிழ்க்கப்பட்டன. வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி, லாரி டியூப்களில் அடைத்து டூவீலரில் கீழே இறக்கும் மலைச்சாராயம் பல காலமாக உண்டு. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கருணாபுரத்தைக் கொன்றது ஊறலில் காய்ச்சிய சாராயம் அல்ல, கீழே இருந்து வந்த தொழிற்சாலை மெத்தனால். விஷம் ஒரு பக்கத்திலிருந்து வர, தேடுதல் வேட்டை இன்னொரு பக்கம் போனது.

மலைக்காரர் சுதந்திரத்தின் கதையே தனி. 1947-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963-ல் வந்தது. ஜாகிர்தார்கள் வழக்குக்குப் போனார்கள். 1976-ல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. நாடு முழுவதும் நெருக்கடி நிலையில் உரிமைகளை இழந்திருந்த வருடத்தில் கல்வராயன் மலையாளிப் பழங்குடிகளுக்கு ஜாகிரிலிருந்து விடுதலை கிடைத்தது. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய் என்று மண் கொடுப்பது வருடத்தின் பாதிக்குக்கூடப் போதாது. மீதிப் பாதிக்குக் கேரளம், கர்நாடகத் தோட்டங்கள், திருப்பூர். சிலர் ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போனார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து சடலங்கள் மிதந்தன. கருமந்துறைப் பக்கத்துக் கல்வராயன் மலைக்காரர்கள்.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தும் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நீதிமன்ற நிபந்தனையால் முடங்கியிருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. தலைமுறைகளாக உழும் நிலத்துக்குக் காகிதம் இல்லாதவர் கூட்டுறவு வங்கியில் என்ன கேட்பார்? ஊறல் பேரலும் செம்மரக் கோடாரியும் இந்த மலைக்குள் வந்த வழி இதுதான்.

2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை இல்லை, மருத்துவ வசதி இல்லை, ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று பட்டியல் நீண்டது. முதலமைச்சரே ஒருமுறை மலைக்குப் போய்ப் பார்த்தால் நல்லது என்ற அளவுக்கு நீதிபதிகள் பேசினார்கள். ஒரு சாராயச் சாவு வழக்கின் நிழலில் இந்தக் கேள்விகள் எழுந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவை எழுந்த இடம் சரியானதுதான். சாலையும் சான்றிதழும் பட்டாவும் தந்துவிட்டு, அதன் பிறகும் சாராயம் காய்ச்சுகிறவரிடம் 'உன் மனசாட்சி எங்கே' என்று கேட்க அரசுக்கு உரிமை வரும். அதற்கு முன்னால் கேட்பது அதிகாரத்தின் குரல் மட்டுமே. மதுவிலக்குத் துறை 'மனம் திருந்தியவர்களுக்கு' மறுவாழ்வு நிதி கொடுக்கிறது, நல்ல திட்டம். பட்டா கொடுக்காமல் முடக்கிய துறைகள் மனம் திருந்துவதற்கும் ஒரு கெடு வேண்டும்.

யார் விசாரிப்பது?

சம்பவத்தை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்த அரசு, வழக்கை சி.பி.சி.ஐ.டி.யிடம் கொடுத்தது. எதிர்க்கட்சிகள் நீதிமன்றம் போயின. 2024 நவம்பர் 20 அன்று நீதிபதிகள் டி.கிருஷ்ணகுமார், பி.பி.பாலாஜி அமர்வு வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தன் காவல்துறையின் மேல் விழுந்த சந்தேகத்தை வெளியாள் விசாரிக்கக் கூடாது என்று ஓர் அரசு டெல்லி வரை வாதாடியது கள்ளக்குறிச்சி மக்களுக்கு நல்ல செய்தியாகப் போய்ச் சேரவில்லை. ஒளிக்க எதுவும் இல்லை என்றால் முதல் நாளே ஒப்படைத்திருக்கலாம்.

அரசு செய்தவையும் உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் ரூ.5,000, அவர்கள் பெயரில் ரூ.5 லட்சம் வைப்பு. ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு ரூ.3 லட்சம் வைப்பு. படிப்பு, விடுதிச் செலவை அரசே ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் ஜூன் 21-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார். பத்து லட்சத்தைக் கேள்வி கேட்டவர்கள் இந்தப் பிள்ளைகளின் பக்கமாக நின்று யோசித்திருந்தால் வழக்குப் போட மனம் வந்திருக்காது. பாக்கெட்டை வாங்கியது அவர்கள் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை 18 வயதைத் தொடும்வரை கள்ளக்குறிச்சியில் எத்தனையோ ஆட்சியர்கள் வந்து போவார்கள், ஆட்சிகளும் மாறலாம். மாதம் பிறந்ததும் ஐயாயிரம் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா, விடுதியில் இடம் கிடைத்ததா, வைப்புத்தொகையில் உறவினர் யாரும் கைவைக்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க ஒரு குறிப்பிட்ட அலுவலர் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் கருணாபுரத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கப்பட வேண்டும். அதே தெருவில் மறுபடி யாராவது பாக்கெட் விற்க உட்கார்ந்தால் கூப்பிட வேண்டிய எண்ணும் அதற்குக் கீழே இருக்கட்டும்.